கருப்பியின் வழி: கெலுகோரில் ஒரு நாய்க்கும் உள்ளூர்ச் செடிகளுக்குமான முற்றம்

ஒரு நாயின் வயிற்றில் விடாமல் வந்துகொண்டிருந்த தடிப்புதான் இந்தத் தோட்டம் உருவாகக் காரணம். பினாங்குத் தீவில் கெலுகோர் வட்டாரம், புக்கிட் கம்பீர் சரிவில் ஒரு கோடி வீடு. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அவருடைய மகன், மருமகள், தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பேத்தி, அப்புறம் கருப்பி. கருப்பி கம்போங் நாய், அதாவது நாட்டு நாய். குட்டியாக லோங்காங் (வடிகால்) ஓரம் கிடந்ததை மகன் தூக்கி வந்து வளர்த்தார். இப்போது முழங்கால் உயரம், கருகரு உடம்பு, நெஞ்சில் ஒரு வெள்ளைக் கீற்று. லைசென்ஸ், வெறிநாய்க்கடித் தடுப்பூசி இரண்டிலும் டீச்சர் கறாரானவர். 2015 செப்டம்பரில் பினாங்கில் அந்த நோய் வந்ததும், அதைத் தொடர்ந்து தெருநாய்கள் கொல்லப்பட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். உள்ளூர்ச் செடிகளை வைக்கலாமே என்று சொன்னால், நாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நாய் இருக்குதே, செடி எங்கே நிக்கும்?" இந்த வீட்டு அனுபவம் அதற்கு நேர் எதிராக இருந்தது. நாய் நடக்கும் வழியை முதலில் பார்த்து, அதற்குப் பிறகு செடிக்கு இடம் ஒதுக்கினால் இரண்டும் நிற்கும். நாய் இருப்பதால்தான் அந்த வீட்டார் தங்கள் தோட்டத்தைக் கண்ணால் பார்க்கவே ஆரம்பித்தார்கள் என்றும் சொல்வேன்.

முற்றம் இருந்த நிலை

கோடி வீடு என்பதால் முன்பக்கத்தோடு ஒரு பக்கவாட்டிலும் மண் உண்டு. பக்கவாட்டு நிலம் ஏறக்குறைய 20 அடி அகலம், பின்னாலுள்ள லோங்காங் வரை போகிறது. நடுவில் கவ் கிராஸ் புல். ஒரு பழைய ரம்புத்தான் மரம், பின்சுவர் ஓரம் இரண்டு பாக்கு மரங்கள், கருவேப்பிலை, துளசி, செம்பருத்தி. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்காஸ், பனை மாதிரி தோற்றமுள்ள அழகுச் செடி. வேலி நெடுக ரியோ, அதாவது மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக, கத்தி மாதிரி இலை வைத்த செடி. அதன் பின்னால் பூஜைக்கென்று வளர்த்த அரளி.

இதில் எது இந்த நாட்டுச் செடி என்று பேத்தி கேட்டாள். ரம்புத்தான் மட்டும்தான் நிச்சயம் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. கவ் கிராஸ் அமெரிக்க வெப்பமண்டலத்துப் புல். ரியோ மெக்சிகோ பக்கத்துச் செடி. அந்த வகை சைக்காஸுக்கு ஜப்பான் தாயகம். கருவேப்பிலை நம் ஆட்களோடு இந்தியாவிலிருந்து வந்தது. பாக்கின் மலாய்ப் பெயரான பினாங் என்பதைத்தான் இந்தத் தீவு தாங்கியிருக்கிறது. ஆனாலும் அந்த மரத்தின் மூல இடம் பிலிப்பைன்ஸ் பக்கம் என்றே கருதப்படுகிறது. செம்பருத்தியை 1960இல் தேசிய மலராக அறிவித்தார்கள், ஆனால் அது தீபகற்பக் காட்டில் தானாக முளைக்கும் செடி இல்லை.

இதைச் சொல்வது எல்லாவற்றையும் பிடுங்கி எறிய அல்ல. கருவேப்பிலையில் நம் ஊர் வண்ணத்துப்பூச்சிகளே முட்டை வைக்கின்றன. எலுமிச்சை இலை தின்னும் புழுக்களுக்கு அதுவும் உணவு. துளசியும் செம்பருத்தியும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. உள்ளூர்ச் செடிகள் வேண்டும் என்பதற்காக ஒரு வீட்டின் பழக்கவழக்கத்தை அழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்தால் போதும்.

தடிப்பு

கருப்பிக்கு அடிவயிறு, தொடை இடுக்கு, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் சிவந்து பொரிப்பொரியாக வரும். நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி வரும். முதலில் தெள்ளுப்பூச்சி என்று நினைத்தார்கள். அதற்கு மருந்து போட்டும் தீரவில்லை. சொறிப்பூச்சி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. உணவை மாற்றிப் பார்த்தார்கள், அதிலும் மாற்றமில்லை.

கால்நடை மருத்துவர் கவனித்தது தடிப்பு வரும் இடத்தை. முதுகில் இல்லை, காதில் இல்லை. முடி குறைவாக இருந்து தரையோடும் இலையோடும் உரசும் இடங்களில் மட்டும்தான் இருந்தது. "வீட்டில் ரியோவோ, அந்த இனத்தில் வேறு செடியோ இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். டிரேட்ஸ்கேன்ஷியா இனச் செடிகள் நாய்களுக்குத் தொடு ஒவ்வாமை உண்டாக்குவது கால்நடை மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். ஆஸ்திரேலியாவில் இது நிறையப் பதிவாகியிருக்கிறது. ரியோவும் அந்த இனம்தான்.

சோதித்துப் பார்க்க ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. நாயை இரண்டு வாரம் மண்ணில் இறங்கவிடாமல் போர்ச்சிலும் வீட்டுக்குள்ளும் வைத்திருக்கச் சொன்னார். நடைக்குக் கூட்டிப்போனால் தார்ச்சாலையில் மட்டும். சிவப்பு மங்கியது, நக்குவது நின்றது. பிறகு பழையபடி முற்றத்தில் விட்டபோது சில நாளில் அடிவயிறு மறுபடி சிவந்தது. சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. டீச்சர் எனக்குப் போன் செய்தது அப்போதுதான். "தம்பி, வேலியோரம் பூரா காலி பண்ணணும். ஆனா மொட்டையா விடாதீங்க, எனக்கு மனசு கேக்காது."

ரியோவை எடுப்பது பார்க்க எளிதாக இருக்கும். தண்டுத் துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் அது வேர்விட்டு எழுந்துவிடும். வேரோடு தோண்டி, மண்ணை உதறி, துண்டுகளைப் பொறுக்கிக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போட்டோம். குப்பைக் குவியலில் வீசக்கூடாது, லோங்காங்கில் தள்ளவே கூடாது. அப்படியும் பின்பக்கச் சுவர் மூலையில் ஒரு துண்டு தப்பித்து வளர்ந்திருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் கருப்பியின் வயிறு மறுபடி சிவந்தது. மருமகள்தான் தேடிப் போய் அந்த மூலையில் ஊதா இலையைக் கண்டுபிடித்தார். எடுத்ததும் தடிப்பு போனது. திட்டமிடாமலே நடந்த இந்த இரண்டாவது சோதனைதான் ரியோவே காரணம் என்று எனக்கு உறுதிப்படுத்தியது.

அரளியும் சைக்காஸும்

தோண்டத் தொடங்கியபின் இன்னும் பெரிய கேள்வி வந்தது. தடிப்பு தொல்லை மட்டும்தான், உயிருக்கு ஆபத்தில்லை. கேட் ஓரத்துச் சைக்காஸ் அப்படியில்லை. அதன் எல்லாப் பாகமும் நாய்க்கு நஞ்சு, விதை மிக மோசம். ஈரலைத் தாக்கும், சில விதைகளே ஒரு நாயைக் கொல்லப் போதும். அழகுக்காக நம் ஊரில் எத்தனையோ வீட்டு வாசலில் அது நிற்கிறது. அதை அன்றைக்கே எடுத்தோம், யாரும் மறுக்கவில்லை.

அரளி விஷயத்தில் பேச்சு நீண்டது. இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. வெட்டிப்போட்ட கிளையைக் கடித்தாலும் ஆபத்து. டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த அரளியை வைத்தவர் காலமான அவர் கணவர், தினமும் சாமிக்குப் போவது அந்தப் பூதான். கடைசியில் ஒரு கிளையை வெட்டிப் பதியம் போட்டு, பெரிய தொட்டியில் மாடி பால்கனிக்கு ஏற்றினோம். கருப்பி மாடிக்குப் போவதில்லை. பழைய செடியை மகனே வெட்டினார். உதிர்ந்த பூவைக் கீழே தள்ளாமல் மேலேயே கூட்டி எடுக்க வேண்டும் என்று பேத்திக்கு ஒரு வேலை கொடுத்தோம், அவள் அதை ஒழுங்காகச் செய்கிறாள்.

உள்ளூர்ச் செடி என்றால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பினாங்குக் கடலோரத்தில் தானாக வளரும் பொங்-பொங் மரத்தின் காய் கடும் நஞ்சு. தமிழில் காட்டரளி என்பது அதைத்தான். காட்டுக் கெலாடி வகைகளைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும். இரண்டுமே இந்த மண்ணுக்குச் சொந்தமான செடிகள், ஆனால் நாய் உள்ள முற்றத்தில் நான் வைப்பதில்லை.

மாவுக் கால்தடம்

செடி வாங்குவதற்கு முன்னால் கருப்பி எங்கெங்கே போகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. புல் தேய்ந்த இடத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். மீதியை டீச்சரின் கோலம் காட்டியது. காலையில் கேட்டுக்கு உள்ளே சிமெண்ட் தரையில் அரிசி மாவுக் கோலம் போடுவார். போட்டு முடித்த கையோடு கருப்பி அதை மிதித்துக்கொண்டுதான் தன் முதல் சுற்றைத் தொடங்கும். வெள்ளைக் கால்தடம் கேட்டிலிருந்து வேலியோரமாகப் பக்கவாட்டுக்குப் போகும். ரம்புத்தான் அடியில் ஒரு வளைவு. பிறகு பின்சுவர் வரை நேர்கோடு. நாலு விரல், நடுவில் ஒரு திண்டு, மாவு தீரத் தீர மங்கும் தடங்கள். தினமும் அதே வழி. பேத்தி அதைக் கணக்கு நோட்டில் வரைந்து கொடுத்தாள். என் திட்டத்துக்கு அடிப்படை அந்தப் படம்தான்.

படத்திலிருந்து தெரிந்தது இதுதான்: வேலியோரம் முழுக்க அதற்கு ரோந்துப் பாதை. அங்கே எதை நட்டாலும் மிதித்து அழித்துவிடும், அதைத் திட்டிப் பயனில்லை. ரம்புத்தான் அடியில் தோண்டுகிறது, ஏனென்றால் மதிய வெயிலில் அந்த மண் குளிர்ச்சி. கேட் மூலையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறது. புல்லில் சிறுநீர் கழிக்கும் இடங்கள் மஞ்சளாகின்றன.

பாதையை அழிக்காமல் கொஞ்சம் உள்ளே நகர்த்தினோம். வேலியை ஒட்டிப் புதர் வரிசை, அதற்கு உட்புறம் கருப்பி போய்வர ஒன்றரை அடியில் வெறும் மண் பாதை. இதில் இன்னொரு நோக்கமும் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நடைபாதை. மாலையில் சூராவுக்கு (சிறு தொழுகை இடம்)ப் போகிறவர்களும் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் போவார்கள். கருப்பி வேலிக் கம்பிக்கிடையே மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும், சில நேரம் குரைக்கும். நாயின் எச்சில் படுவது முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு எவ்வளவு சங்கடம் என்பது இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதர் வளர்ந்ததும் மூக்கு வெளியே வர வழியில்லாமல் போயிற்று. தெருவில் அசைவது எல்லாம் கண்ணில் படாததால் குரைப்பும் குறைந்தது. ஆனால் கேட் மூலையை மறைக்கவில்லை. உள்ளே தள்ளி ஒரு பலகைத் திண்ணை போட்டு, தெரு தெரிகிற மாதிரி அந்த இடத்தைக் கருப்பிக்கே விட்டோம்.

ரம்புத்தான் அடியில் ஒரு பக்கம் ஆற்றுமணல் கொட்டி, தோண்டும் இடமாக ஒதுக்கினோம். அதில் அவ்வப்போது ஒரு எலும்பைப் புதைத்து வைத்தால் போதும், மற்ற இடத்தை அது தொடுவதில்லை. நடுப்புல்லை அப்படியே விட்டோம். கவ் கிராஸ் உள்ளூர்ப் புல் இல்லைதான், ஆனால் நாய் ஓடித் திரும்பும் இடத்தில் அதுபோலத் தாங்கும் வேறு செடியை நான் பார்த்ததில்லை. சிறுநீர் பட்ட இடத்தில் உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் புல் கருகாது.

நட்டவை

ஆகஸ்ட் கடைசியில் நட்டோம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை, ஜனவரி, பிப்ரவரியில் வறட்சி. இடையில் கிடைக்கும் மாதங்களில் வேர் இறங்கிவிட வேண்டும். சின்ன நாற்றுகளை வாங்கவில்லை, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த செடிகளையே வாங்கினோம். வேர் பிடிக்கும் வரை மூங்கில் குச்சியும் கோழிவலையும் கட்டி வைத்தோம். நாய் வீட்டில் இந்த வலைக்காலம்தான் முக்கியம், அதைத் தாண்டிவிட்டால் பிறகு கவலையில்லை.

வேலி வரிசையில் பிரதானம் செண்டுடுக். சாலையோரம், ரப்பர்க்காட்டு ஓரம் எங்கும் ஊதாப் பூவோடு நிற்குமே, அதுதான். எஸ்டேட்டில் பிறந்தவர்கள் அதன் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டிருப்பார்கள், டீச்சரும் அப்படித்தான். புளிப்பான ஏழை மண்ணே அதற்குப் பிடிக்கும். முன்பக்கச் சுவரையொட்டி வைத்த செடிகள் மட்டும் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் வெளிறின. தோண்டினால் ஒரு முழம் ஆழத்தில் வீடு கட்டியபோது புதைத்துவிட்டுப் போன சிமெண்ட் கட்டிகள், பூச்சுத் துண்டுகள். அந்தச் சுண்ணாம்புதான் மண்ணைக் கெடுத்திருந்தது. அதை வாரி எடுத்து, காய்ந்த ரம்புத்தான் இலையைக் கலந்து நிரப்பியதும் புதுத்தளிர் பச்சையாக வந்தது.

செண்டுடுக்குக்கு இடையிடையே லெமுனி. நொச்சிக் குடும்பத்துச் செடி, இலையைத் தேய்த்தால் அதே வாசம். இந்த வடக்குப் பக்கத்தில் நாசி லெமுனி என்ற சோறு சமைக்கிறார்களே, அதற்குரிய இலை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வேலி வழியாகப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலிருந்து கிளை வெட்டிக் கொடுத்தார். ரம்புத்தான் நிழலில் கடுக்கும் வல்லாரையும் பரப்பினோம். கடுக், பார்க்க வெற்றிலை மாதிரி இருக்கும், அதே இனம். நிழலில் வேகமாகத் தரையை மூடும், நாய் மிதித்தாலும் மறுபடி எழும். ரியோ விட்டுப்போன வேலையை இப்போது கடுக் செய்கிறது. லோங்காங் ஓரத்து ஈரத்தில் பெரணி, கேட் பக்கம் ஊதாப் பூ வைக்கும் தரை ஆர்க்கிட். பெரிய மஞ்சள் பூவுள்ள சிம்போ ஆயர் ஒன்று வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்தாள். தெம்பே (புளிக்கவைத்த சோயா) கட்டும் அந்த அகல இலையை அவள் பசாரில் பார்த்திருக்கிறாள். அது பெரும்புதர் என்பதால் பின்மூலையில் ஒன்றே ஒன்று.

தரையை மூட நர்சரியில் சில நேரம் கொக்கோ ஓடு விற்கிறார்கள். சாக்லேட்டில் உள்ள அதே பொருள் அதிலும் இருப்பதால் நாய்க்கு நஞ்சு, வாசனையும் அதை இழுக்கும். காய்ந்த இலை இருக்கும்போது அது தேவையே இல்லை.

பயங்கள்

"செடி அடர்த்தியா இருந்தா உண்ணி வரும்" என்று எதிர்வீட்டு அங்கிள் எச்சரித்தார். நம் வீட்டு நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணியின் வாழ்க்கை வேறு மாதிரியானது. அது நாயின் மேலும், சுவர் வெடிப்பிலும், நாய்க்கூண்டு இடுக்கிலும், படுக்கை மடிப்பிலும்தான் பெருகும். வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. அதனால் போர்ச் சுவரின் வெடிப்புகளைப் பூசினோம். உண்ணி மருந்தும் இதயப்புழுத் தடுப்பு மருந்தும் மாதம் தவறாமல் கொடுக்கிறார்கள். இதயப்புழு கொசு மூலம் பரவும் என்பதால் தேங்கும் தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு: தொட்டித் தட்டுகள் வேண்டாம் என்று எடுத்துவிட்டோம், கருப்பியின் தண்ணீர்க் கிண்ணம் தினமும் கழுவி மாற்றப்படுகிறது. ஏடிஸ் கொசுவுக்கும் இதே வைத்தியம்தான்.

தேரை உண்மையான ஆபத்து. மழை இரவுகளில் போர்ச் விளக்குக்கு ஈசல் வரும், ஈசலுக்குத் தேரை வரும், தேரைக்குக் கருப்பி போகும். கவ்வியதும் வாய் நிறைய நுரை. தேரையின் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியில்தான் நஞ்சு. அன்றைக்கு மருமகள் பதறாமல் செய்தது சரியான முதலுதவி: தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, குழாய்த் தண்ணீரைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, தொண்டைக்குள் போகாதபடி வாயை அலசி, ஈறை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். இப்போது இரவில் போர்ச் விளக்கு எரிவதில்லை, தண்ணீர்க் கிண்ணம் வீட்டுக்குள் வந்துவிடும். தேரை போய்க் கிண்ணத்திலேயே உட்காரும் பழக்கமுள்ளது.

பாம்புக்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் பாம்பைக் கூப்பிடுவது எலி. எலியைக் கூப்பிடுவது இரவில் மிஞ்சிக் கிடக்கும் நாய்ச் சோறு. அதைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். புதர்களின் அடிக்கிளையைத் தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை கழித்து வைத்திருக்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்தால் தெரியும். லோங்காங் வாயில் கம்பிவலை.

நத்தை மருந்து என்று நீல நிற உருண்டைகள் விற்கிறார்களே, அதை நாய் வீட்டில் வைக்கவே கூடாது. நாய் தின்றால் வலிப்பு வந்து இறக்கவும் கூடும். பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கையுறை போட்டுப் பொறுக்கி எடுப்பதே வழி. அந்த நத்தையை நாய் தின்றாலும் ஆபத்து, எலிகளிடமிருந்து வரும் ஒரு புழு அதில் இருக்கலாம். களைக்கொல்லி பற்றி டீச்சரிடம் நான் பேச வேண்டியிருக்கவே இல்லை. அவர் அம்மா எஸ்டேட்டில் மருந்தடித்தவர். முதுகில் டாங்கைச் சுமந்து பாராகுவாட் அடித்த பெண்களின் நகமும் தோலும் எப்படி இருந்தன என்று அவருக்குத் தெரியும். அந்த மருந்து 2020இல்தான் மலேசியாவில் முழுதாகத் தடை செய்யப்பட்டது. இந்த முற்றத்தில் களையைக் கையால்தான் பிடுங்குகிறார்கள்.

வந்தவை

செண்டுடுக் பூ காலையில் விரிந்து மாலைக்குள் உதிர்ந்துவிடும். அதனால் கருவண்டு வருவது காலையில்தான். அதை நின்று பார்க்க வேண்டும். பூவுக்குள் இரண்டு வகை மகரந்தத் தாள்கள் உண்டு: மஞ்சளாகக் குட்டையானவை சில, ஊதா நிறத்தில் நீண்டு வளைந்தவை சில. நுனியில் ஊசித்துளை மட்டும் இருப்பதால் தொட்டால் பொடி வராது. வண்டு மஞ்சள் தாள்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் அந்த நொடியில் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். பொடி கொட்டும். அது தின்பது மஞ்சள் தாளில் வருவதை. அதே நேரம் ஊதாத் தாள்கள் அதன் உடம்பின் இன்னொரு பக்கத்தில் பொடியைத் தூவிவிடும், அடுத்த பூவுக்குப் போவது அதுதான். இந்தச் சத்தம் மாறுவதை முதலில் கவனித்தது கருப்பி. ரோந்தின் நடுவில் நின்று, ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பும். அது ஏன் அங்கேயே நிற்கிறது என்று பார்க்கப் போய்த்தான் டீச்சரும் பேத்தியும் வண்டைப் பார்த்தார்கள். இப்போது காலைத் தேநீர் அந்த வேலியோரத்தில்தான்.

இந்த வீட்டில் நான் மிகவும் மகிழ்ந்தது இதைக் கண்டுதான். தோட்டம் வைத்த பல வீடுகளில் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. நாய் உள்ள வீட்டில் யாராவது ஒருவர் காலையும் மாலையும் வெளியே வந்தே ஆக வேண்டும், அதுவும் நாயின் வேகத்தில், அது நின்ற இடத்தில் நின்று. பழம் பிளந்த செண்டுடுக்குக்கு வரும் செம்முதுகுப் பூக்கொத்தியை, கட்டைவிரல் அளவே இருக்கும் அந்தக் குருவியை, அவர்கள் இப்படித்தான் கண்டார்கள். தரை ஆர்க்கிட்டுக்கு வரும் தேன்சிட்டையும் அப்படியே.

கொண்டைக்குருவி கூடு கட்டியபோதுதான் சிக்கல். வாலடி மஞ்சளான, மலாயில் மெர்பா என்கிற குருவி, செண்டுடுக்கில் இடுப்பு உயரத்தில் கூடு வைத்துவிட்டது. கருப்பியின் பாதைக்கு மேலேயே. தாய்ப்பறவை தலைக்கு மேல் வந்து கத்த, கருப்பி தானாகவே சுற்றிப் போகப் பழகியது. ஆனால் குஞ்சுகள் இரண்டு வாரத்துக்குள் கூட்டை விட்டு இறங்கும்போது சரியாகப் பறக்கத் தெரியாது, தரையில் தத்தும். அந்த நாட்களில் பக்கவாட்டு முற்றத்தை மூங்கில் தட்டியால் அடைத்துவிட்டு, கருப்பியைக் கயிற்றோடுதான் வெளியே கூட்டி வந்தார்கள். மகனுக்கு இது அதிகப்படி என்று பட்டது. "நாய் சுதந்திரமா இருக்கத்தானே இதெல்லாம் பண்ணினோம்?" என்றார். டீச்சர், "அஞ்சாறு நாள்தான்டா, அதுங்களும் நம்மை நம்பித்தான் இங்க கட்டியிருக்கு" என்று முடித்துவிட்டார். குஞ்சுகள் தப்பித்தன.

எல்லாம் தப்பிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். வெயில் காயும் அரணைகளை கருப்பி பிடித்துவிடுகிறது. முன்பு லோங்காங் பக்கமிருந்து வந்துபோன கானாங்கோழி, புதர் வளர்ந்தும் உள்ளே வருவதில்லை. நாய் உள்ள முற்றத்தில் தரையில் வாழும் உயிர்களுக்கு இடம் குறைவுதான். அதற்காகப் பின்மூலையில் சிம்போ ஆயர் இருக்கும் பகுதியை மட்டும் தாழ்வான வலை போட்டு, கருப்பிக்கு அனுமதியில்லாத இடமாக வைத்திருக்கிறோம். அங்கே இலைச்சருகை யாரும் கூட்டுவதில்லை. அரணைகள் இப்போது அந்தப் பக்கம் அதிகம் தெரிகின்றன.

இப்போதைய நிலை

தோல் சுத்தமாக இருக்கிறது. ரியோ எடுத்தபின் தடிப்புக்கான மருந்து தேவைப்பட்டது, அந்த ஒரு துண்டு மறுபடி முளைத்த சமயத்தில் மட்டும்தான். இது ஒரே ஒரு நாயின் கதை. எல்லா நாய்க்கும் ரியோ ஒத்துக்கொள்ளாது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அடிவயிற்றிலும் விரல் இடுக்கிலும் மட்டும் தடிப்பு வருகிற நாய் உங்கள் வீட்டில் இருந்தால், உணவை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் முற்றத்துச் செடிகளின் போட்டோவைக் காட்டுங்கள்.

தீராத ஒன்று பின்சுவர் ஓரத்துப் பாக்கு மரங்கள். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருளை ஒரு காலத்தில் நாய்களின் குடலிலிருந்து நாடாப்புழுவை வெளியேற்றவே பயன்படுத்தினார்கள். எச்சில் ஒழுகல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று அந்த வைத்தியமே கடுமை. அப்படியிருக்க, உதிர்ந்த காயைக் கடித்து விளையாடக் கருப்பியை அனுமதிக்க முடியாது. மரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "பினாங்குல இருந்துகிட்டுப் பாக்கு மரத்தை வெட்டுறதா தம்பி?" என்றார் டீச்சர். வெட்டவில்லை. குலை பழுக்கும் முன்பே ஆள் வைத்து இறக்குகிறார்கள், மரத்தடியைச் சுற்றி வலை கட்டியிருக்கிறார்கள். காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில், கருப்பியை அவிழ்த்துவிடுவதற்கு முன்னால், பேத்தி ஒரு கூடையோடு போய்ப் பொறுக்கி வருகிறாள். வலையைவிட நிலையான ஓர் ஏற்பாடாக, மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு லெமுனி வேலி ஒன்றை அடுத்த மழைக்கு முன் நட இருக்கிறோம். கிளைகள் மக்சிக் வீட்டிலிருந்தே வரும்.